தும்மல் யார் பேரில்

குழந்தை தும்மினால் உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? விளாத்திகுளத்துப் பக்கம் "நூறு" என்பார்கள். நூறு வயசு இருக்கட்டும் என்று அர்த்தம். பூங்கோதையும் தன் கைக்குழந்தை தளிருக்கு அதைத்தான் சொல்லிவந்தாள். நாத்தனார் அதை வீடியோ எடுத்து நெட்டில் போட்டாள். ஒரு கம்பெனி அந்த நூறுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து பூங்கோதைக்கு அந்தச் சொல் மட்டும் வருவதில்லை. உதடு அசையும், சத்தம் இருக்காது.

தளிரோ, தும்மினால் அம்மா குரலில் நூறு கேட்கும்வரை திறந்த வாயை மூட மாட்டாள். கம்பெனியின் செயலியில் அந்தக் குரல் இருந்தது. ஆனால் விளம்பரம் முடிந்துதான் நூறு வரும், அதற்குள் தளிர் அடுத்த தும்மலைப் போட்டுவிடுவாள். திறந்த வாயோடு பால் குடிப்பது எப்படி? காலையிலிருந்து குழந்தை பட்டினி. பூங்கோதை அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினாள்.

கம்பெனி ஆபீசில் இருந்த பையன் மரியாதையானவன்.

"தொண்ணூத்தொம்பது சொல்லிக்கோங்க மேடம். அதை யாரும் வாங்கல."

"எம்புள்ள ஆயுசுல ஒரு வருசத்தக் கொறைக்க நீ யாரு தம்பி?"

"அப்ப நூத்தியொண்ணு?"

"அதுக்குள்ளயும் அதானே ஒக்காந்திருக்கு. எப்படி வாயில வரும்?"

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. பூங்கோதை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை முடியாமல் எழுந்து போகிறவள் இல்லை அவள்.

"தும்மலுக்குப் பதிலாத்தானே அதச் சொல்றோம். தும்மலு யாரு பேர்ல இருக்கு? பாரு."

பையன் கம்ப்யூட்டரில் தேடினான். "யாருமே பதியல மேடம்."

"எம்மவ பேர்ல பதி."

பதிவுக்கு மாதிரியாக ஒரு தும்மல் வேண்டும் என்றான். தளிர் மைக்கில் பலமாக ஒன்று தும்மினாள். பதிவு ஏறியது. மூலம் தும்மல் என்றும், நூறு அதைத் தழுவி வந்த சொல் என்றும் கம்ப்யூட்டரே முடிவு செய்து, இரண்டையும் தளிர் பேருக்கு மாற்றியது.

"நூறு" என்றாள் பூங்கோதை. கணீரென்று வந்தது. தளிர் வாயை மூடினாள். அங்கேயே முந்தானைக்குள் புகுந்து வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் மூக்கை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் கர்ச்சீப்பை மூக்கடியில் பிடித்தபடி அவள் சீட்டருகே வந்து குனிந்தார்.

"யக்கா, பாப்பா முழிச்சதும் எனக்கு ஒரே ஒரு தும்மலுக்கு மட்டும் சம்மதம் கேட்டுச் சொல்லுங்க."