மூன்றாம் பாடு

2023ஆம் ஆண்டு நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. வானம் மூடியிருந்தது, வாடைக்காற்று மெல்ல வீசியது, விடியலில் சிறு தூறல் விழுந்து நின்றது.

இரைப்பை வயிற்றில் இருக்க வேண்டிய உறுப்பு. என் கணவர் தருமலிங்கத்துக்கோ அது உதரவிதானத்தின் துளை வழியே மேலேறி நெஞ்சுக்குள் தங்கியிருந்தது. நுரையீரல் விரிய இடமில்லை, இதயமும் நெருக்குண்டது. நான்கு ஆண்டுகள் அவர் சுவரில் சாய்ந்தபடியேதான் உறங்கினார். செப்டம்பரில் சென்னையில் அறுவை சிகிச்சை செய்து இரைப்பையைக் கீழே இறக்கித் தைத்தார்கள். பத்தாம் நாள் அவர் மல்லாந்து படுத்து உறங்கினார். அந்த மூச்சொலியைக் கேட்பதற்காகவே நான் விழித்திருந்தேன்.

மூன்று மாதங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, முக்கக் கூடாது என்று மருத்துவமனைத் தாளில் இருந்தது. ஒன்பது வாரங்களே கழிந்திருந்தன.

எங்கள் தீவான பசியாவரத்தில் மீன்பிடிக்கப் பழவேற்காடு ஏரியை முறைவைத்தே பகிர்ந்துகொள்கிறோம். அம்முறைக்குப் பாடு என்று பெயர். பாட்டுக்கு உரியவர் படகில் இருந்தாக வேண்டும். தொடர்ந்து மூன்று பாடு தவறினால் முறைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். இரண்டு ஏற்கெனவே தவறியிருந்தன. மூன்றாவது அன்றைக்கு.

அவருடைய தம்பி ரஞ்சித் காலையிலேயே வந்துவிட்டான்.

“நீ சும்மா குந்திக்கினு இருண்ணா. உம் மூஞ்சியப் பாத்தாலே எறா பயந்துகினு வலைக்குள்ள பூந்துடும்.”

அவர் சிரித்தார். வலியின்றிச் சிரித்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“இன்னாம்மே, போட்ல குந்தக்கூடாதுனு காயிதத்துல போட்டுக்கீதா?”

தாளை முதலிலிருந்து இறுதிவரை படித்தேன்.

“போடல,” என்றேன்.

பிறகு நடந்ததை ரஞ்சித் சொல்லி அறிந்தேன். நண்பகல்வரை அவர் உட்கார்ந்துதான் இருந்தார். வலை நீருக்கடியில் ஏதோ பழைய மரக்கழியில் சிக்கியது. ரஞ்சித் இழுத்தபோது அவன் கால் வழுக்கிற்று. அவர் எழுந்து, கயிற்றை இரு கைகளாலும் பற்றி, மூச்சடக்கி இழுத்தார். வலை விடுபட்டது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். ஒன்றுமில்லை என்று சொல்லி, வலையிலிருந்த இறாலைப் படகில் கொட்டும்வரை கரைக்குத் திரும்ப விடவில்லை.

கரைக்கு வந்தபோது ஓங்கரித்தார். வாயில் எதுவும் வரவில்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பழவேற்காட்டுக்குப் படகில் கடந்து ஆம்புலன்ஸில் ஏற்றினோம். தையல் விட்டு இரைப்பை மீண்டும் நெஞ்சுக்குள் ஏறியிருக்க வேண்டும், படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

“கை தானாப் பூட்ச்சு கோமளா,” என்றார்.

பேச வேண்டாம் என்றேன். அவர் மேலும் ஏதோ சொல்ல முயன்றார். அதற்கான காற்று அவரிடம் இல்லை. என் விரலின் கீழ் அவருடைய நாடி விரைந்தது, தடுமாறியது, பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. என் விரல்தான் இடம் தவறிவிட்டது என்று எண்ணி மீண்டும் மீண்டும் தேடினேன்.

உடன் வந்த செவிலியர் என் கையை விலக்கினார். வண்டி திருப்பாலைவனத்தைக் கடந்திருந்தது. மணி பிற்பகல் இரண்டு முப்பத்தேழு.