வால்டருக்குப் பாடிய ஜெர்மன் பாட்டு

வால்டரின் அடக்கப் பூசைக்குப் பாட வேண்டும் என்று உபதேசியார் வந்து சொன்னபோது நான் மறுக்கவில்லை. ராயபுரத்தில் எங்கள் கோயிலுக்கு எந்தச் சவப்பெட்டி வந்தாலும் பாடுவது இந்த ஃப்ளோரன்ஸ் டீச்சர்தான். என்னைக் கைவிட்டவனுக்கு மட்டும் விதிவிலக்கா?

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து அறிவிப்பது எங்கள் வழக்கம். அவனுக்கும் எனக்கும் இதே கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு சாமியார் எங்கள் பெயரை வாசிக்கவில்லை. துறைமுகத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன எண்ணூர்க்காரரின் மகள் சில்வியாவை அவன் கட்டிக்கொண்டான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, ஊரும் என்னைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் கழுத்தை நீட்டவில்லை.

மேல்நாட்டு இசைப் பரீட்சைக்குப் படித்தபோது ஒரு ஜெர்மன் பாட்டு கற்றுக்கொண்டேன். பியானோவோடு ஒருத்தி தனியாகப் பாடுவது. செத்துப்போன காதலனிடம், "என் வயதைத் தின்றவனே, உன் குழிமேல் புல்லும் முளைக்காது" என்கிறாள். ராகம் என்னவோ தாலாட்டு மாதிரிதான். இவனுக்கென்றே அதை வைத்திருந்தேன். வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல?

கீபோர்டு வாசிக்கும் ஜெரி இசைத்தாளைப் புரட்டினான்.

"ஆர்கன் சத்தத்துல வெக்கவாக்கா?"

"பியானோவுலயே வை."

"இன்னா பாட்டு இது?"

"ஜெர்மன்."

"அப்ப பழைய சாமி பாட்டாதான் இருக்கும்," என்றான்.

லத்தீனைப் புரியாமலே பாடி வளர்ந்த சனம் நாங்கள். தெரியாத பாஷையில் மெதுவாகப் பாடினால் அது கடவுளுக்குத்தான். எல்லோரும் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கி உட்கார்ந்ததும் பாடினேன். பெட்டியைப் பார்த்தே பாடினேன், ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. முன்வரிசையில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பின்னால் யாரோ விசும்பினார்கள்.

வாசலில் சில்வியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கன்னியாஸ்திரியா போவணும்னு நீங்கதான் அவர வேணாம்னுட்டீங்களாமே. எல்லாராண்டயும் சொல்லிகினே இருப்பாரு. அந்த மனசு கீறதாலதான் இப்டி பாட வருது. முப்பதாம் நாள் பூசைக்கும் இதையே பாடுங்கக்கா."

ஊர் ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. விட்டுப் போனது போதாதென்று பழியையும் என் தலையில் கட்டியிருக்கிறான்.

"நான் வேணான்னு சொல்லல, சில்வியா. உன் வூட்டுக்காரருதான் ஓலைய நிறுத்துனாரு. நான் பாடுனது சாமி பாட்டு இல்ல. சாபம்."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"இன்னும் மண்ணுகூட போடல. இன்னா பொம்பள நீ?"

சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெரிகூட கீபோர்டு பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனான். ஜெர்மனில் அத்தனை திட்டினேன், கும்பிட்டார்கள். தமிழில் உண்மையைச் சொன்னேன், கல்லறைக்குப் போகிற வேனில் எனக்கு இடமில்லை என்றார்கள்.