கணவாயைத் தொடாத கை

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது இரண்டு நிமிடம்தான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

போர்ட் கிள்ளானில் தஞ்சோங் ஹராப்பான் கடலோரம், ஞாயிற்றுக்கிழமை காலை. தடுப்புக் கம்பி நெடுகத் தூண்டில்காரர்கள். நடுவில் ஒரு பெண். ஐம்பதை ஒட்டிய வயது, நெற்றியில் திருநீறு, கைகளில் நீலநிற மெல்லிய கையுறை. அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி. ஒரு கணவாய் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். உதடு எதையோ முணுமுணுத்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒருவர். அவளைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் காருக்கு ஓடிவிட்டேன். எழுதுகிறவன் ஓடியிருக்கக் கூடாது. ஓடினேன்.

ரவாங்கில் வீடு வந்து சேருவதற்குள் இருவருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. அவள் லோகேஸ்வரி. அவர் கணவர் கமலநாதன்.

2.

தொடக்கம் ஒன்று: 'கடல் அன்று அமைதியாக —' வேண்டாம். கடல் அமைதியாக இருந்தால் யாருக்கு என்ன?

தொடக்கம் இரண்டு: 'கமலநாதனின் கை செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.' இது தேவலை. இங்கிருந்து போவோம்.

துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் அடித்துப் போட்டது. இடது கால் அரைகுறையாகத் திரும்பி வந்தது. இடது கை வரவில்லை. முதல் நாள் மருத்துவமனை நடைபாதையில் லோகேஸ்வரி, பத்துமலைக் கோயில் எந்தப் பக்கம் என்று ஒரு தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தத் திசையில் கும்பிட்டாள்.

"முருகா, இவர எழுப்பி உக்கார வச்சிடு. இனிமே மீனு, கறி எதையும் வாயில வைக்க மாட்டேன். கையாலகூட தொட மாட்டேன்."

(கையால் தொடக் கூடாது என்று முருகன் கேட்கவே இல்லை. பேரம் படியாதோ என்ற பயத்தில் அவளாகச் சேர்த்துக் கொடுத்தது. நான் அங்கே இருந்திருந்தால் 'முதல் பாதியோடு நிறுத்தம்மா' என்று சொல்லியிருப்பேன். ஆனால் அப்படி நிறுத்தியிருந்தால் எனக்குக் கதை கிடைத்திருக்காது.)

முருகன் தன் பங்கை முடித்துக் கொடுத்தார். கமலநாதன் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். பிசைந்து பழகுங்கள் என்று பிசியோ பெண் கொடுத்த ரப்பர் பந்து சோபாவுக்கு அடியில் தூசி தின்றது. லோகேஸ்வரிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் ரவிக்கை தைக்கிற வேலை. கொமூட்டர் ரயிலில் போய், மாலையில் கிள்ளான் திரும்பினால், காலையில் விட்ட இடத்தில் அதே சாய்வில் மனிதர் இருப்பார். சாவுக்குக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை. இந்தச் சாய்வுக்குப் பயந்தாள்.

ஒரு நாள் அவர் வாயைத் திறந்தார்.

"ஒரு தடவ தூண்டி போடணும் லோகேஸ். சொத்தோங் மட்டும் வாங்கிட்டு வா."

சொத்தோங் என்றால் கணவாய், தூண்டில் முள்ளில் மாட்டுகிற இரை. ஏழு மாதத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள். அதைத்தான் அவள் தொடக் கூடாது.

3.

[இந்த இடத்தில் கணவாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அழித்தேன். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: இறால் மெத்தென்றிருக்கும், குட்டி மீன்கள் நாலு கொத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும். கணவாய்ச் சதை ரப்பர் மாதிரி. முள்ளில் இரண்டு முறை குத்தி வாங்கிவிட்டால் லேசில் கழலாது. ஆனால் தோலோடு இருக்க வேண்டும், மை வாடை போகக் கூடாது. கமலநாதனுக்கு இது பாலபாடம். லோகேஸ்வரிக்குக் கணவாய் என்றால் மிளகாய் அரைத்துப் போட்ட சம்பல், அதுவும் ஏழு மாதத்துக்கு முன்பு.]

தொடாமல் வாங்க வேண்டும். தொடாமல் கொண்டுவர வேண்டும். பாசாரில் மீன் கடைக்காரரிடம் சொன்னாள்.

"அண்ணே, அரைக் கிலோ. நீங்களே கிளீன் பண்ணிக் குடுத்துடுங்க."

"சம்பலுக்கா, அக்கா?"

"ஆமாண்ணே."

தலை போயிற்று, மை போயிற்று, தோலும் போயிற்று. வெள்ளை வெளேரென்று வளையம் வளையமாக நறுக்கி, மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு பையில் போட்டுக் கொடுத்தார்.

கமலநாதன் பையை ஒற்றைக் கையால் பிரித்துப் பார்த்தார்.

"ஏன் லோகேஸ், மீனுக்கு சம்பல் வச்சிப் போடப் போறியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, புரையேறியது, ஆனாலும் சிரித்தார். லோகேஸ்வரி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். இந்த மனிதரைக் கடலோரம் கொண்டுபோய் நிறுத்தாமல் விடுவதில்லை என்று அந்தக் குழாயடியில் முடிவு செய்தாள்.

அடுத்த ஞாயிறு, கழுவாத முழுக் கணவாய் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கட்டியோடு காரில் ஏறியது.

4.

'பக்கத்தில் நிற்கிறவர் யாராவது மாட்டிக் கொடுக்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். கொடுத்தார். விஜயன் என்று வைத்துக்கொள்வோம், அடுத்த தூண்டில்காரர், தங்கமான மனிதர்.

"அங்கிள், குடுங்க, நான் மாட்டறேன் லா. இதுக்கு என்னா!"

கண் மூடித் திறப்பதற்குள் கணவாய்த் துண்டு முள்ளில் ஏறியது. கமலநாதன் நன்றி சொன்னார். வலது கையால் வீசினார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, தூண்டில் நரம்பைச் சுருட்டிவிட்டு "போலாம்" என்றார். அவள்தான் கார் ஓட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பழைய சாய்வு.

ஆக, அந்நியர் கை உதவாது. அவர் கை வராது. அவள் கை வேண்டுதலில் இருக்கிறது.

[இங்கே ஓர் அர்ச்சகரைக் கொண்டுவந்தேன். கையுறை போட்டுத் தொட்டால் தொட்டதாகுமா என்று லோகேஸ்வரி கேட்க, மிக அழகாகப் பேசினார். அதனாலேயே அவரை நீக்கிவிட்டேன்.]

அவள் கேட்டது கடையில் பக்கத்து இயந்திரத்தில் தைக்கும் நல்லம்மாளிடம். நல்லம்மாள் பல்லில் கடித்திருந்த நூலை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரு ஜோடி போட்டா சந்தேகம்தான். ரெண்டு ஜோடி போட்டுக்கோ."

5.

இனி வருவது அதற்கு மறு வாரம்; அதில் இரண்டு நிமிடம் நான் பார்த்தது. கணவாய் வழுக்கும். இரண்டு கையுறைக்குள்ளிருந்து பிடித்தால் இன்னும் வழுக்கும். மூன்று முறை தரையில் விழுந்தது. முள் கையுறையைக் கிழித்ததே தவிரக் கணவாயில் ஏறவில்லை. 'மன்னிச்சிடு முருகா, மன்னிச்சிடு' என்பதுதான் அந்த முணுமுணுப்பு என்று நினைக்கிறேன்.

மழை வந்து நான் ஓடினேன் அல்லவா? அவர்கள் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் நான் ஓட விடமாட்டேன்.

லோகேஸ்வரி கையுறைகளை உரித்துப் போட்டாள். மழை அவள் வெறுங்கையில் விழுந்தது.

"முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். குடுங்க இப்படி."

"வேணாம் லோகேஸ்."

"ஒன்னும் ஆவாது. எனக்குத்தானே பாவம்?"

"வேணாம்னு சொல்றேன்ல. எனக்காக வேண்டிக்கிட்டது. என்னாலயே ஒடையணுமா?"

அவர் வலது கையால் தன் இடது கையைத் தூக்கினார், கடையில் மூட்டையைத் தூக்குகிற மாதிரி. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி மேல் கிடந்த கணவாயின் மீது அதைப் பொத்தென்று வைத்தார்.

"செத்த கைன்னாலும் கனமா இருக்கில்ல. அது பிடிச்சிக்கட்டும்."

கணவாய் நகரவில்லை. வலது கை முள்ளை எடுத்தது. ஒரு குத்து. கழன்றது. மறுபடி ஒரு குத்து, வளைத்து இரண்டாவது குத்து, முள் நுனி வெளியே தெரிந்தது. பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். விஜயன் மழையில் நனைந்தபடி வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.*

* விஜயனுக்கு முதலில் இந்த நாகரிகம் கிடையாது. மூன்றாவது தடவை திருத்தி எழுதும்போதுதான் கொடுத்தேன்.

6.

முடிவு அ: முதல் வீச்சிலேயே ஆறு கிலோ மீன். நானே நம்ப மாட்டேன்.

முடிவு ஆ: மீன் கிடைக்கவில்லை, ஆனால் மழை விட்டு வானத்தில் — போதும், போதும்.

அதற்கடுத்த ஞாயிறு நான் மறுபடி போனேன். அவர்கள் வரவில்லை. ஆனால் அவர்கள் இருந்த இடத்தில், தூண்டிலைச் சொருகி வைக்கிற ஒரு பிளாஸ்டிக் குழாய் தடுப்புக் கம்பியோடு கட்டியிருந்தது. கட்டியது ரவிக்கைத் துணிக் கிழிசல்களால்; பச்சையும் அரக்கும், ஒன்றில் ஜரிகைகூட இருந்தது. (அவளை நான் தையல்காரி ஆக்கியது இப்படித்தான்.) திரும்பி வரும் எண்ணம் இல்லாதவர்கள் குழாயை அவிழ்த்துக்கொண்டு போயிருப்பார்கள். நாலு முடிச்சு. மூன்று, கச்சிதமான தையல்கார முடிச்சு. நாலாவது கோணல்மாணலாக, தொளதொளவென்று இருந்தது. ஒரு கையும் இன்னொரு கையில் கொஞ்சமும் சேர்ந்து போட்ட மாதிரி.

எனக்குத் தெரிந்தது அந்த முடிச்சு வரைதான். மேற்கொண்டு உங்கள் பாடு. ஒரே ஒரு நிபந்தனை.

தூண்டில் வளைகிறது. சின்ன மீன் இல்லை. கமலநாதன் வலது கையால் சுருட்டிக்கொண்டே கத்துகிறார்: "லோகேஸ், வலை! வலைய எடு!" நீளப் பிடி போட்ட வலை அவருடைய இடது காலடியில் கிடக்கிறது. பிடியைத் தொட்டால் மீனைத் தொட்டதாகாது, அது லோகேஸ்வரிக்குத் தெரியும். குனியப் போனவள் பாதியில் நிற்கிறாள். அவள் நிற்பது வேண்டுதலுக்காக அல்ல.

நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். எட்டினால் வலை உங்கள் கையில். தயவுசெய்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மீன் போனால் போகட்டும், டப்பாவில் இன்னும் கணவாய் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து, அவருடைய இடது கையைப் பாருங்கள். என்ன செய்கிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். நான் நிற்கிற இடத்திலிருந்து லோகேஸ்வரியின் முகம் மட்டும்தான் தெரிகிறது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.