டாக்டர் உமாபதி வாரிய பனி

உலக நாகரிகத்தில் அக்கறையுள்ள சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: 1976 ஜனவரியில், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில், பௌதிக ஆராய்ச்சியாளர் டாக்டர் உமாபதி அவர்கள், தம் வீட்டெதிரே சைக்கிள் பாதையில் பனி மலையாகக் குவிந்து கிடப்பதைக் கண்டித்து நகராட்சிக்கு மூன்று பக்க மகஜர் அனுப்பினார். நகல், இந்தியத் தூதரகத்துக்கு.

அந்த ஊரில் வீட்டுமுன் நடைபாதையில் விழும் பனியைக் குடியிருப்பவர்தான் வார வேண்டும். அதற்கு அப்பாலுள்ள சைக்கிள் பாதையை விடியற்காலையில் நகராட்சி வண்டி தள்ளிச் சுத்தம் செய்யும். டாக்டர் சட்டத்தை மதிப்பவர். மாலைதோறும் கையுறை மாட்டிக்கொண்டு நடைபாதையைக் கண்ணாடி போல ஆக்கிவிடுவார். வாரிய பனியை எங்கே போட்டார்? சொந்த ஊர் மாயவரத்தில் வாசலைப் பெருக்கினால் குப்பையை எங்கே தள்ளுவாரோ, அங்கே. பக்கத்து வீட்டு ஜெர்மானியர் தன் பனியைத் தன் தோட்டத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“பாரு வைதேகி, கஞ்சப் பய! ஓசிப் பனியக்கூட காம்பவுண்டுக்குள்ள சேத்து வைக்கிறான்.”

அவர் மனைவி வைதேகி சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலைக்கான தேர்வு. இரண்டு வருஷமாக ரசம் வைத்துக்கொண்டிருந்த எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு வந்த முதல் அழைப்பு. பிந்தி வருபவர்களுக்குக் கதவு திறக்காது என்று கடிதத்திலேயே போட்டிருந்தது.

ஏழு மணிக்குப் புடவைமேல் கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். இன்னும் இருட்டு. பத்தடி போவதற்குள், நகராட்சி வண்டியாலும் தள்ள முடியாதபடி கல்லாக இறுகிக் கிடந்த குவியலில் மோதிக் குப்புற விழுந்தாள். முன்சக்கரம் அப்பளமாக வளைந்துவிட்டது.

டாக்டர் காபி டம்ளரோடு ஓடிவந்தார். “பாத்தியா! நான் எழுதினேனே, கிரிமினல் நெக்லிஜென்ஸ்! இந்த முனிசிபாலிட்டியை சும்மா விடமாட்டேன்!”

“மொதல்ல என்னைத் தூக்குங்க.”

அப்போது பனி தள்ளும் சின்ன டிராக்டர் வந்து நின்றது. ஓட்டிவந்த நகராட்சித் தொழிலாளி இறங்கினார். கையில் மகஜர். டார்ச்சைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்துப் பார்த்தார். பாதை முழுக்கச் சுத்தம். இந்த ஒரு வீட்டின் அகலத்துக்கு மட்டும், அளந்து வைத்தாற்போல் பனி. அதன் உச்சியில் ஒரு மண்வாரி செருகியிருந்தது.

“ஹெர் டாக்டர், இந்த மண்வாரி யாரோடது?” என்று ஜெர்மனில் மரியாதையாகக் கேட்டார்.

“என்னோடதுதான். ஆனா பனி கவர்ன்மென்ட் ஏரியால இருக்கு.”

“வானத்துலேர்ந்து விழுந்தப்ப உங்க ஏரியாலதான இருந்துது?”

அங்கேயும் ஒரு மகஜர் அனுப்பலாமா என்பதுபோல டாக்டர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

மணி ஏழு பத்து. வைதேகி தொழிலாளியிடம் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். அவர் பக்கத்து இருக்கையிலிருந்த, பனி கரையத் தூவும் உப்பு மூட்டையை நகர்த்தினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

“நீ... பனி வண்டிலயா? ஒரு டாக்டரோட ஒய்ஃப்! பாக்கறவங்க என்ன சொல்வாங்க?”

“புருஷன் தள்ளின பனில பொண்டாட்டி விழுந்தான்னு சொல்வாங்க. நம்ம வாசல் மட்டும் பளிச்சுனு இருந்தா போதும்னு அழுக்கை ஊர்ப் பாதைல தள்ளினா, அதுக்குப் பேர் சுத்தம் இல்லைங்க. ஊர்ப் பாதையும் நம்ம வாசல்தான். நான் வர்றதுக்குள்ள வாரி முடிங்க. நம்ம தோட்டத்துக்குள்ள!”

வண்டி வழியெல்லாம் பனியைத் தள்ளிக்கொண்டே போய், ஏழு இருபத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டது. வேலை கிடைத்தது.

டாக்டர் நடுப்பகல்வரை வெட்டி, கடைசிக் கட்டிவரை தோட்டத்தில் சேர்த்தார். இனி ஆயுசுக்கும் பொதுப் பாதையில் ஒரு பிடி பனி போடுவதில்லை என்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உரக்கச் சபதம் செய்தார்.

மறுநாள் மழை பெய்து, ஊரிலிருந்த பனியெல்லாம் கரைந்துபோனது.