அசைந்தால் போதுமா

அண்ணன் மகளுக்கு மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. அதனால் வீட்டில் அவள் பெயர் சளிமூட்டை. அந்தப் பெயரை வைத்த வாய் என்னுடையதுதான். பிறந்ததிலிருந்து நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி, ஊசி என்று அலைச்சல்.

நான் அதே ஆஸ்பத்திரியில் மைக்ரோஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவள். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத முடிகள் உண்டு. அவை ஓயாமல் ஒரே பக்கமாக அடித்துச் சளியைத் தள்ளும். முடிக்குள் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். அதில்தான் முடி வளைகிறது. அந்த இழுப்பு பிசகினால் சளி தேங்கி, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பாழாகும். இவளுக்கு அந்தப் பிசகு பிறவியிலேயே இருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் அவள் மூக்கிலிருந்து செல்களைச் சுரண்டி அனுப்பியிருந்தார்.

பார்த்தேன். ஒரு முடிகூட அசையவில்லை. பக்கத்தில் அண்ணி மகளோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்லைடு வைக்கும் தட்டைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. சூடாக்கும் சுவிட்சை எந்த மகராசனோ அணைத்துவிட்டுப் போயிருந்தான். சாம்பிளும் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தது. அந்தக் குளிரில் நல்ல முடியும் மரத்து நிற்கும்.

அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். தட்டு சூடேறியது. ஒரு முடி துடித்தது, பிறகு பக்கத்து முடி, பிறகு எல்லாமே.

"அண்ணி, அசையுது."

அண்ணி அப்படியே உட்கார்ந்து அழுதாள். போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். சளிமூட்டை என் மடியில் ஏறி, தானும் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாள். பார்க்க விட்டேன்.

"அத்தை, எல்லாம் சுத்திச் சுத்தி ஆடுது."

அவளை இறக்கிவிட்டுக் குனிந்தேன். உண்மைதான். எதுவும் ஒரு பக்கமாக அடிக்கவில்லை. ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. முடிகளின் மேல் மிதந்த தூசி இம்மியும் நகரவில்லை. இன்னும் சூடேறட்டும் என்று காத்திருந்தேன். வட்டம்தான் வேகமானது.

அவசரக்குடுக்கை என்று அம்மா என்னைத் திட்டுவது சும்மா இல்லை.

"அண்ணி, போனை வைங்க. அசையுது, ஆனா சளியைத் தள்ளல."

கண்ணைத் துடைத்தபடி திரும்பினாள். போனில் அண்ணன் சிரிப்பது எனக்கே கேட்டது.

"நீதானே சொன்ன, அசையுதுன்னு" என்றாள். "அவர் அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு."