அழுத்துங்க மாமா

எனக்கு வாய் நீளம். இதை அக்கா சொல்லும்போதெல்லாம் நான் பெருமைதான் பட்டிருக்கிறேன், புத்தி கெட்டவன்.

துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்தில் தோட்டா எடுத்துக் கொடுப்பது என் வேலை. அங்கே இரண்டு வகைத் தோட்டா உண்டு. அடிப்பாகம் அச்சு அசலாக ஒன்றுதான். நுனியில் இருக்கும் குண்டு மட்டும் ஒன்றில் ஒல்லி, இன்னொன்றில் தடி. ஒல்லிக்கான ரைபிளில் தடியைப் போட்டாலும் முட்டி மோதி உள்ளே போய்விடும். சுட்டால் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும், ரைபிள் கையிலேயே வெடிக்கும். அதனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே நான்தான்.

அன்று காலை முதல் குழு மிச்சம் வைத்த இரண்டு வகையையும் ஒரே தட்டில் அள்ளிக் கொட்டினேன். அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்ற சோம்பேறித்தனம். அடுத்து வந்தவர் மாமா, அக்காவின் புருஷன். வங்கியில் காவலர் வேலை. வருஷா வருஷம் சுட்டுக் காட்டித் தேற வேண்டும். அவருடைய தொப்பையைக் கிண்டல் செய்துகொண்டே அந்தத் தட்டை நீட்டினேன்.

மூன்றாவது தோட்டாவைப் போட்டு மூடப் போனவர் நிறுத்தினார்.

“மாப்ள, கொஞ்சம் இறுக்கமா இருக்கே?”

“வயசாகுதுல்ல மாமா, கையில தெம்பு போயிடுச்சு. நல்லா அழுத்துங்க!”

சிரித்துக்கொண்டே அழுத்தினார். சுட்டார்.

கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அந்தக் கையோடு இனி எந்த வங்கி அவரைக் காவலுக்கு நிறுத்தும்?

விசாரித்தபோது மாமா, “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல” என்று சொல்லிவிட்டார். பழி ரைபிளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் தலையில் விழுந்தது. விசாரணை முடியும்வரை அவர் வேலைக்கு வரக் கூடாது என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. நாலு நாள் சோறு இறங்கவில்லை, ஆனாலும் திறக்கவில்லை. அவ்வளவு கோழை நான்.

ஐந்தாம் நாள் நானும் அக்காவும் ஆஸ்பத்திரியில் மாமாவோடு இருந்தபோது மெக்கானிக் வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். கட்டிலருகே நின்று, “போன வாரம்தான் அந்த ரைபிளப் பிரிச்சுப் பாத்தேன். எங்க கோட்ட விட்டேன்னு தெரியலீங்க. மன்னிச்சிடுங்க” என்றார். பேச்சோடு பேச்சாக அழவும் ஆரம்பித்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

“நீங்க ஒண்ணும் விடலண்ணே. தோட்டாவக் கலந்தது நான். இறுக்கமா இருக்குன்னு மாமா கேட்டாரு, அழுத்துங்கன்னு சொன்னதும் நான்தான். இப்பவே ஆபீசுல போய் எழுதிக் கொடுத்துடறேன்.”

அக்கா கையிலிருந்த தம்ளரை மேசையில் வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடித்திருந்தால் தேவலை.

“மாமா, உங்களுக்கு நிஜமாவே ஞாபகமில்ல. அதனாலதான் நான் தப்பிச்சேன்” என்றேன்.

“எல்லாம் ஞாபகம் இருக்கு மாப்ள” என்றார் அவர். “வேற எவனாவது சொல்லியிருந்தா வெளிய எடுத்துப் பாத்திருப்பேன். நீ சொன்னியேன்னுதான் அழுத்தினேன்.”