சாட்சிக்கு வந்த ஹெட்லைட்

செபியோவின் வாயைப் பற்றி எங்கள் மலையில் தெரியாதவர்கள் கிடையாது. தன் தப்பை அடுத்தவன் தலையில் கட்ட அந்த வாய்க்கு அரை நிமிஷம் போதும். அதே வாய்தான் என் மகளின் ஞானஸ்நானத்தன்று பாதிரியார் கேட்டதற்கெல்லாம் "விசுவசிக்கிறேன்" என்று சொன்னது. பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிவிட்டதால் அன்றிலிருந்து அவன் எங்களுக்குக் கும்பாரே, அவனுக்கு என் புருஷன் கும்பாரே, நான் கும்மாரே. முறை அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டு வந்தேன்.

என் புருஷன் செல்சோவும் அவனும் ஒரே ஸ்டாண்டில் வாடகைக்கு பைக் ஓட்டுகிறவர்கள். முதுகில் நம்பர் போட்ட ஆரஞ்சு சட்டை இருந்தால்தான் சந்தையிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றலாம். சட்டையைப் பிடுங்கிவிட்டால் பிழைப்பு போச்சு.

விபத்து நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்து கண் மங்குகிற நேரம். தேவாலயத்துக்குக் கீழே இருக்கிற வளைவில் செல்சோ ஏறிக்கொண்டிருந்தான். எதிரே இறங்கி வந்த செபியோ நேராக அவன் மேல் வந்து மோதினான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வருவது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. செபியோவுடையது ஏசி லைட் வண்டி. எஞ்சின் சுற்றினால்தான் ஹெட்லைட் எரியும், எஞ்சின் நின்றால் லைட்டும் நின்றுவிடும். சத்தமும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் வந்து விழுந்த பிறகுதான் அது செபியோ என்றே செல்சோவுக்குத் தெரிந்தது. செபியோவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. என் புருஷனுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செபியோ ஸ்டாண்டில் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "ஞாயித்துக்கிழமைல்ல, கள்ளு ஏத்திக்கிட்டு வந்தான். என் பக்கம் ஏறி வந்தா நான் என்ன பண்றது? என் லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

செல்சோ ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பான்தான். அன்று குடிக்கவில்லை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? யார் மேல் தப்பு என்று ஊர்மன்றம் சொல்கிறதோ அவன் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று ஸ்டாண்டில் முடிவாகிவிட்டது.

இறக்கத்தில் எல்லோரும் அணைப்பதுதானே என்று எஞ்சினை அணைத்ததை செபியோவே ஒத்துக்கொண்டிருந்தான். முதல் விசாரணையில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு வந்தவன் வண்டியில் ஏசி லைட் எப்படி எரியும்? செபியோவுக்கு அந்த அரை நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை.

"அது பழைய கதை கும்மாரே. போன பண்டிகைக்கு முன்னாடியே டிசிக்கு மாத்திட்டேன். இப்ப லைட்டு பேட்டரில எரியுது. எஞ்சின் ஓடினா என்ன, ஓடலைன்னா என்ன?"

பக்கத்தில் இருந்த அவன் மனைவி லோர்னா, "ஆமா, மாதா சத்தியமா" என்றாள். விசிறியை நிறுத்தாமலே சத்தியம் செய்தாள்.

எங்கள் ஊர்த்தலைவர் ஒனோஃப்ரேயை எல்லோரும் காப் என்போம். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அடுத்த வாரம் வண்டியைக் கொண்டா. எரியுதான்னு பார்த்துடுவோம்" என்று எழுந்துவிட்டார். பொய்யனுக்கு ஒரு வாரம் தவணை!

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. ஏனென்றால் அந்த வேலை எங்கள் வீட்டிலேயே நடந்தது. போன வருஷம் செல்சோ தன் வண்டியை டிசிக்கு மாற்றினான். முதலில் சோம்பேறித்தனமாக, ஹெட்லைட் வயரைக் காயிலிலிருந்து பிடுங்கி பேட்டரி லைனில் முறுக்கிவிட்டான். பத்து நிமிஷ வேலை. எரிந்தது, பிரமாதமாக எரிந்தது. மறுநாளே விடியும் முன் சந்தைக்குப் போகிற வழியில் லைட் செத்துவிட்டது. என்னையும் இரண்டு கோழிக்கூடையையும் நடு ரோட்டில் இருட்டில் நிறுத்திவிட்டு. ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் என்று வைத்த சுண்டைக்காய் பேட்டரி அது. அதற்குப் போகிற சார்ஜும் அதே அளவுதான். ஹெட்லைட்டை அதன் தலையில் ஏற்றினால் எத்தனை நேரம் தாங்கும்? பிறகுதான் எஞ்சின் மூடியைக் கழற்றி, காயிலை மறுபடி சுற்றி, பாடியில் எர்த் ஆகியிருந்த முனையைப் பிரித்து, ரெகுலேட்டரைப் புதிதாகப் போட்டு, முழு கரண்டும் பேட்டரிக்குப் போகும்படி செய்தான். அன்று எங்கள் வாசலில் நின்று பல்லைக் காட்டியவன் இதே செபியோதான். "ஒரு பல்புக்கு இம்புட்டு செலவா கும்பாரே? அதுக்கு ஒரு பன்னிக்குட்டி வாங்கியிருந்தா இந்நேரம் வறுத்துத் தின்னிருக்கலாம்."

இரண்டாவது விசாரணைக்கு செல்சோவின் வண்டியிலேயே போனேன். வளைந்த முன்பக்கத்தை நிமிர்த்தி, ஹெட்லைட்டை ரப்பர் பட்டையால் கட்டி வைத்திருந்தேன். சாயங்காலம் நாலு மணி. மன்றத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஸ்டாண்ட் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செபியோ வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சுவரைப் பார்க்க நிறுத்தினான். கல்யாண மாப்பிள்ளை தோற்றான், அப்படி ஒரு சிரிப்பு.

"எஞ்சின் அணைஞ்சிருக்கு. எல்லாரும் பார்த்துக்கங்க" என்று சுவிட்சைத் தட்டினான்.

வெள்ளைச் சுவரில் பளீரென்று வட்டமாக வெளிச்சம் விழுந்தது. கை தட்டினார்கள். படுத்த படுக்கையாக இருக்கிறவனிடம் போய் என்ன சொல்வேன்?

அப்போதுதான் வண்டியை உற்றுப் பார்த்தேன். எஞ்சின் மூடியில் வருஷக்கணக்கான எண்ணெய் அழுக்கு ஒரு நகக்கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. ரெகுலேட்டர் பழசு, அதன் போல்ட்டுகளில் துரு. ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்டும் புத்தம்புது கறுப்பு டேப் பளபளத்தது. சோம்பேறி! எங்கள் பத்து நிமிஷ வேலையை அப்படியே செய்து கொண்டுவந்திருக்கிறான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் காயில், எர்த் என்று அவன் ஆயிரம் கதை அளப்பான், காப் தலையைச் சொறிவார், ஸ்டாண்ட் ஆட்கள் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை. அந்த லைட் எரிந்துகொண்டே இருந்தால் போதும். சண்டை போடத்தானே எனக்குத் தெரியும் என்று ஊரே சொல்கிறது? போட்டேன்.

"ஒரு நிமிஷம் எரிஞ்சா ஆச்சா?" என்றேன். "கோயில் மெழுகுவத்திகூடத்தான் ஒரு நிமிஷம் எரியும்."

"ஒரு நிமிஷமா? நாள் பூரா எரியும் கும்மாரே! அணைக்க மாட்டேன், நீயே உக்காந்து பாரு!"

"கேட்டீங்களா காப்? அவரே சொல்லிட்டாரு. அணைக்கக் கூடாது."

காப் தலையாட்டினார். அதன் பிறகு அவனை விடவில்லை. அவன் அப்பன் திருடின வாழைத்தாரிலிருந்து ஆரம்பித்தேன். என் மகளுக்கு ஞானத்தகப்பன் என்று ஒரு கிறிஸ்துமஸுக்காவது ஒரு மிட்டாய் கொடுத்தானா என்று கேட்டேன். அவன் பதிலுக்கு என் புருஷனைக் குடிகாரன் என்றான், என் நாக்கைப் பாம்பு என்றான். லோர்னா எழுந்து நின்று, "ஊமச்சியைக் கட்டியிருந்தா செல்சோ நிம்மதியா இருந்திருப்பான்" என்றாள். "உன்னைக் கட்டினதுக்கு உன் புருஷன் செவிடனா இருந்திருக்கணும்" என்றேன். காப் மேஜையைத் தட்டினார். யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கண்ணை மட்டும் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

வட்டம் வெள்ளையிலிருந்து மஞ்சளாயிற்று. முதலில் பார்த்தது முன்வரிசைக் கிழவர் ஒருவர். பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தார். ஒருவர் ஒருவராகச் சுவர் பக்கம் திரும்பினார்கள். செபியோ முதுகைக் காட்டிக்கொண்டு, "கர்த்தர் மேல ஆணையா அன்னிக்கு இதே வெளிச்சம்தான்..." என்று கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தான். எல்லோர் கண்ணும் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டுதான் திரும்பினான். வட்டம் சோளச்சோற்றின் நிறத்துக்கு வந்து, ஓரத்தில் கரைந்துகொண்டிருந்தது.

சுவிட்சை நோக்கிப் பாய்ந்தான்.

"கை வைக்காதே!" என்று கத்தினேன். "நாள் பூரான்னு சொன்னியே. மத்தியானச் சோறு செரிக்கலை, அதுக்குள்ள நாள் முடிஞ்சிடுச்சா?"

"பேட்டரி கொஞ்சம்... எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினா..." என்று உதைக்கக் காலைத் தூக்கினான்.

"காலை எடு செபியோ" என்றார் காப். வெகுநேரம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. "எஞ்சின் அணைஞ்சிருந்தாலும் எரியும்னுதானே சொன்னே. எரியட்டும்."

எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். பல்புக்குள் சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று. லோர்னாவின் விசிறி நின்றுவிட்டது.

"ஒரு சாயங்காலம்கூடத் தாங்காத இந்த பேட்டரியிலயா பண்டிகையிலிருந்து தினமும் இறங்கி வந்தே?" என்று காப் கேட்டார். "அன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

செபியோ தரையைப் பார்த்தான். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வர அத்தனை நேரம் பிடித்தது.

"இருட்டு."

சட்டையை அவனே கழற்றி மேஜையில் வைத்தான். காப் தீர்ப்பை எழுதி, நாங்கள் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் வெளியே பொழுது இறங்கிவிட்டது. ஆட்கள் கலைந்தார்கள். அவன் வண்டியைத் தள்ளிக்கொடுக்கக்கூட யாரும் நிற்கவில்லை. உதைத்தான், எஞ்சின் கிளம்பியது. ஆனால் லைட் வரவில்லை. எவ்வளவு உறுமவிட்டாலும் ஒரு சிவப்பு நூல், அவ்வளவுதான். பழைய ஏசி வயரைப் பொய்க்காகப் பிடுங்கிவிட்டான் அல்லவா? வண்டி பழையபடியே இருந்திருந்தால் இப்போது வெளிச்சத்தோடு வீடு போயிருப்பான். லோர்னா பின்னால் ஏறி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கீழே அந்த வளைவு இருக்கிறது.

போய் விழட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்ததை மறைக்க எனக்கு அவசியம் இல்லை. ஆனால் அந்த வளைவில் அவன் தனியாக விழ மாட்டான். எதிரே யாருடைய புருஷனோ ஏறி வருவான்.

என் வண்டியைக் கிளப்பி அவனுக்கு முன்னால் போய் நிறுத்தினேன். லைட்டைப் போட்டேன். ரோடு வெள்ளையாக விரிந்தது. திரும்பிப் பார்க்காமல் மெதுவாக இறங்க ஆரம்பித்தேன். பின்னால் அவன் எஞ்சின் சத்தம் ஒட்டிக்கொண்டே வந்தது. செல்சோ விழுந்த இடத்தில் கண்ணாடித் துண்டுகள் இன்னும் மின்னின. அங்கே மட்டும் இன்னும் மெதுவாகப் போனேன். அவனும் பார்க்கட்டும் என்று.

அவன் வீட்டுச் சந்து வந்ததும் நின்றேன். அவன் பக்கத்தில் வந்து எஞ்சினை அணைத்தான். தொண்டையைச் செருமினான்.

"கும்மாரே..."

"என் பேரு டெல்ஃபினா" என்றேன். கியரைப் போட்டு வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.